வன்னியில் நடுவயது எந்த வயதில் தொடங்குகிறது?

குளக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஆசிரியராக இருந்துகொண்டு, வார இறுதிகளில் உளவளத்துணை டிப்ளோமா ஒன்றைப் படித்து வருகிறேன். வளர்ந்தோர் பருவங்களைப் பற்றிய பாடத்துக்கு ஒப்படையொன்று தந்திருக்கிறார்கள். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வகுத்த மனித வாழ்வின் எட்டுப் பருவங்களில் கடைசி மூன்றும் வளர்ந்தோருக்குரியவை என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஏறக்குறைய இருபதிலிருந்து நாற்பது வரை ஒருவர் இன்னொருவரோடு நெருக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நாற்பதிலிருந்து அறுபத்தைந்து வரை அடுத்த தலைமுறையை ஆளாக்குவதில் மனம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் மூவரைச் சந்தித்து இந்த அட்டவணையில் பொருத்திக் காட்டுங்கள் என்பதுதான் எங்களுக்கு இடப்பட்ட வேலை.

மூவரைச் சந்தித்தேன். ஒருவரும் பொருந்தவில்லை.

முதலாமவர் 34 வயதுப் பெண். இறுதி யுத்தத்துக்குச் சற்று முன்னர், பிள்ளையைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்த பெற்றோர் பதினெட்டு முடியும் முன்பே அவருக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள். கணவர் 2009க்குப் பிறகு இல்லை. மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள், தாயும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இரண்டாமவருக்கு வயது 47, ஒரு கால் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னர்தான் கலியாணம் நடந்தது, கைக்குழந்தை இருக்கிறது. மூன்றாமவருக்கு 70. மகனும் மருமகளும் இல்லாத வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, இன்னமும் காலபோகத்துக்கு வயலில் இறங்குகிறார். திரும்பிப் பார்க்க நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். "ரியூசனுக்கு ஏத்தப் போகவேணும் மாஸ்ரர்" என்றார்.

அட்டவணை பிழையா, அல்லது அதை நான் பிழையாக வாசிக்கிறேனா?

முல்லைமாணவன்

அட்டவணைதான் பிழை என்பேன். வளர்ந்தோர் பருவங்களைப் பற்றி அதிகம் பேசப்படும் டானியல் லெவின்சனின் 1978ஆம் ஆண்டு ஆய்வு, 35க்கும் 45க்கும் இடைப்பட்ட நாற்பது அமெரிக்க ஆண்களைச் செவ்விகண்டு எழுதப்பட்டது. பெண்களைப் பற்றிய அவருடைய நூல் 1996இல்தான் வந்தது. அந்த நாற்பது பேரில் எவராவது முள்ளிவாய்க்காலில் நின்றாரா? பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று நம் உலா இலக்கியங்களில் ஏழு பருவங்கள் இருக்கும்போது நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

பழைய சங்கக்கடை

தம்பி, அந்த ஏழு பருவங்களையும் கடைசி வரை எண்ணிப் பாருங்கள். பேரிளம்பெண் நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறாள். உலா வருகின்ற தலைவனைப் பார்த்து மயங்குவதற்கு எந்த வயது என்பதுதான் அந்தப் புலவர்களின் கணக்கு. நாற்பதுக்கு மேற்பட்டவளுக்கு அதில் இடமே இல்லை. எனக்கு 72 வயது, என் மனைவிக்கு 68. எங்களை எந்தப் பருவத்தில் சேர்ப்பீர்கள்?

நெடுங்காலம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன் என்ற முறையில், அட்டவணை என்பது பொருந்தாத இடத்தைக் காட்டித் தருவதற்கும் உதவும் என்று சொல்வேன். ஐந்தொகை இடிக்கும்போதுதான் எந்தப் பற்றுச்சீட்டைக் காணவில்லை என்று தேடத் தொடங்குவோம்.

வன்னியில் வயதுக்கு ஒழுங்கு இருந்ததே இல்லை என்று இளையவர்கள் நினைத்துவிடக் கூடாது. சிக்காகோவில் பேர்னிஸ் நியூகார்ட்டன் 1960களில் ‘சமூகக் கடிகாரம்’ என்று ஒன்றைச் சொன்னார். இன்ன வயதில் படிப்பு, இன்ன வயதில் கலியாணம், இன்ன வயதில் ஓய்வு என்று ஊரே ஒரு நேர அட்டவணையை மனதில் வைத்திருக்கிறது, அதற்கு முந்தினாலும் பிந்தினாலும் மனிதர் கூசிப்போகிறார் என்பது அதன் சாரம். எங்களிடம் அந்தக் கடிகாரம் வெகு கறாராக ஓடியது. குடியேற்றத் திட்டத்தில் என் தகப்பனாருக்குக் காணி கிடைத்து நாங்கள் இங்கே வந்தபோது நான் கைப்பிள்ளை. தமக்கை இருக்கும்போது தம்பி கலியாணம் கட்ட முடியாது. சூடு மிதித்து நெல்லு விற்காமல் நாள் வைக்க முடியாது. இன்னொன்றையும் புத்தகக்காரர்கள் கவனிப்பதில்லை. எங்கள் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகள்; அவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் நினைத்தபடி துண்டுபோட முடியாது, தகப்பனுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளி என்று ஒருவரின் பெயரைப் பதிய வேண்டும். பெயர் பதியப்பட்டவன் இருபத்தைந்து வயதிலேயே குடும்பத் தலைவன் ஆனான். பதியப்படாத தம்பி நாற்பது வயதிலும் தமையனின் வயலில் கூலிக்கு நின்றான். ஒரு வீட்டில் இரு சகோதரர்கள் வெவ்வேறு பருவங்களில் வாழ்ந்ததை எந்த உளவியலாளர் எழுதினார்?

ஆகவே ஆசிரியரே, யுத்தம் வந்துதான் எல்லாம் ஒழுங்கு குலைந்தது என்று ஒப்படையில் ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். முன்பும் சிலருக்குப் பிந்தியது. யுத்தம் அதை முழு ஊருக்குமாக ஆக்கியது.

மருத்துவமாது

இருபத்திரண்டு வருடங்களாகக் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். ஊரில் இன்னமும் மருத்துவமாது என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே எல்லோரும் மனதையும் ஊரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உடம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கலியாணம் பிந்தலாம், பரீட்சை பிந்தலாம், வீடு கட்டுவது பிந்தலாம். உடம்பு எவருக்காகவும் பிந்தாது.

எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ முப்பது வயதுக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். அதுவரை சேர்த்ததை வைத்துத்தான் பிறகு காலம் தள்ள வேண்டும். 2008இலும் 2009இலும் பதினாறு, பதினெட்டு வயதில் இருந்த பெண்கள் அந்தச் சேமிப்புக் காலத்தில் கஞ்சி வரிசையில் நின்றவர்கள். அதற்குப் பிறகு செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கிடைத்ததைச் சாப்பிட்டவர்கள். சிலர் அந்த நிலையிலேயே கர்ப்பம் தாங்கிப் பாலும் கொடுத்தவர்கள். இவர்களுக்கு ஐம்பதை அண்டி மாதவிடாய் நிற்கும்போது, அதைத் தொடர்ந்து வரும் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும். அதை நினைத்து நான் இப்போதே கவலைப்படுகிறேன். முருங்கையிலையும் குரக்கனும் கீரி, சூடை மீன்களும் மலிவாகக் கிடைக்கும் ஊரில், பிள்ளைக்கு மீனைப் போட்டுவிட்டுத் தான் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடும் தாய்மாரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

தசையின் கணக்கும் அப்படித்தான். முப்பதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு மூன்று முதல் எட்டு வீதம் வரை தசை குறையும் என்பது மருத்துவப் பாடம், அறுபதுக்குப் பிறகு அது இன்னும் விரையும். ஆசிரியர் சந்தித்த 47 வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். ஒரு காலை இழந்தவரின் மற்றக் காலின் முழங்கால்தான் இருபது வருடங்களாக அதிகப் பாரத்தைச் சுமக்கிறது, ஆகையால் அது முந்தித் தேயும். செயற்கைக் காலைப் பொருத்தும் அடிக்கட்டையும் வயதோடு மெலிந்து உருமாறும், இருபத்தைந்து வயதில் அளவெடுத்துச் செய்த கால் இன்று உரசிப் புண்ணாக்கும். உடம்பில் செல் துண்டோடு வாழ்கிறவர்களைச் சில பரிசோதனை இயந்திரங்களுக்குள் அனுப்பவும் முடியாது. அவருக்கு மனதளவில் இப்போதுதான் முப்பது வயது, புதுத் தகப்பன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆசைப்படுகிறார். முழங்காலுக்கு வயது அறுபது.

கண்ணைப் பற்றியும் ஒரு வரி. நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் இயல்பு, கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் தையல் மெசினை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் ஊசிக் காதில் நூல் போகாததை "யோசனையால் வந்த வருத்தம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் யோசனையின் தலையில் போட்டுவிடுவது எங்கள் ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது.

வயலோரம்

மருத்துவமாது அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் விவசாயி, அதனால் எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். காலபோகம் பொய்த்தவன் வாழ்க்கையை விட்டுவிடுவதில்லை, சிறுபோகம் விதைக்கிறான். ஆனால் சிறுபோகம் மழையை நம்பி விதைப்பதல்ல, குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்துக்கு எல்லா வயலும் விதைக்கலாம். சிறுபோகத்துக்கோ குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, கூட்டம் போட்டு, இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானித்துப் பங்குக்கு விதைக்கிறோம். பிந்தி வந்த வாழ்க்கையும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பத்துநான்கு வயதில் பரீட்சை எழுதும் அந்தத் தங்கச்சிக்கு எந்தக் குளத்திலிருந்து தண்ணீர் வரும் என்பதை ஆசிரியர் விசாரித்தாரா? தாய் உயிரோடு இருக்கிறாரா, தமையன் உதவுகிறாரா, நுண்கடன் ஏதும் கழுத்தில் தொங்குகிறதா?

பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயமும் இங்கே பொருந்தும் என்பதால் எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர், 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அமெரிக்கப் பிள்ளைகளை எப்படிப் பாதித்தது என்று நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்த்தார். கலிபோர்னியாவில் ஓக்லண்ட் என்ற ஊரில் 1920–21இல் பிறந்தவர்கள் அந்த வறுமையைப் பதின்ம வயதில் சந்தித்தார்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பலர் நன்றாகவே நிமிர்ந்தார்கள். பக்கத்தூரான பேர்க்லியில் 1928–29இல் பிறந்தவர்களுக்கு அப்போது நினைவு தெரியாத வயது. அவர்களில், குறிப்பாகப் பையன்களில், பாதிப்பு ஆழமாக இருந்தது. துன்பம் ஒன்றுதான், அது எந்த வயதில் வந்து முட்டியது என்பதில்தான் வித்தியாசம். என் வீட்டிலேயே 2009இல் மூத்தவனுக்குப் பதினைந்து, இளையவளுக்கு நான்கு. மூத்தவன் பங்கர் வெட்டினான், தண்ணீர் சுமந்தான், இன்று அதைக் கதையாகச் சொல்கிறான். இளையவளுக்குச் சொல்வதற்குக் கதை இல்லை. வெடி வெடித்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

முல்லைமாணவன்

ஐயா, அக்கா, அண்ணா எல்லோருக்கும் நன்றி. முதலில் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், ஆனால் முழுவதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜெவ்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் 18க்கும் 25க்கும் இடையே ‘மலரும் வளர்பருவம்’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார். கட்டிளமையும் முடிந்து, வளர்ந்தோரின் பொறுப்பும் தலையில் ஏறாமல், நான் யார் என்று தேடிப் பார்ப்பதற்குக் கிடைக்கும் இடைவெளி அது. என் வகுப்பில் இருந்தவர்களைப் பார்க்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் நீண்ட மாதங்களில், ஒருவன் ஹாட்வெயார் கடையில் நிற்கிறான், ஒருவன் கடலுக்குப் போகிறான், இன்னொருவன் பாஸ்போட் எடுத்து வைத்துக்கொண்டு வெளிநாட்டு அழைப்பொன்றை எதிர்பார்த்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் இடைவெளி போலத்தான் தெரியும். ஆனால் இதில் தேடல் இல்லை, காத்திருப்புத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரா?

இன்னொன்று. வயதானவர்கள் தெரிந்தவர் வட்டத்தைச் சுருக்கி, மனதுக்கு நெருங்கிய சிலரோடு மட்டும் இருக்க விரும்புவார்கள் என்பதை லோரா கார்ஸ்டென்சன் விளக்கியிருக்கிறார். இது வயதால் வருவதல்ல, மீதமுள்ள காலம் குறைவு என்ற உணர்வால் வருவது என்பதுதான் அவருடைய வாதம், எச்.ஐ.வி. தொற்றால் ஆயுள் குறுகியிருந்த இளைஞர்களிடமும் அவர் அதையே கண்டார். என் அக்காவுக்கு வயது 33. புதிதாக ஒருவரோடும் பழக மாட்டார். கூட்டம், சங்கம் ஒன்றுக்கும் போக மாட்டார். அம்மா, நான், பக்கத்து வீட்டு ஒருவர், அவ்வளவுதான். முன்பு அவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்தேன்.

கரும்பனை

எல்லாவற்றுக்கும் யுத்தத்தைக் காரணம் சொல்வது ஒரு நோயாகிவிட்டது. முடிந்து எத்தனை வருடம்? இன்றைய பெடியளுக்கு மோட்டார் சைக்கிளும் போனும் இருந்தால் போதும், பொறுப்பு வேண்டாம். நாங்கள் இருபது வயதில் குடும்பம் பார்த்தவர்கள்.

பழைய சங்கக்கடை

கரும்பனை அவர்களே, நீங்கள் இருபது வயதில் குடும்பம் பார்த்தபோது வயல் இருந்தது, விதை நெல்லு இருந்தது, கடன் கொடுக்க எங்கள் சங்கம் இருந்தது. அவை இருந்தபடியால்தான் பொறுப்பும் வந்தது. மேலே நான் எழுதிய பெர்மிட் கதையைத் தயவுசெய்து மறுபடியும் வாசியுங்கள்.

வாசலில் ஒருத்தி

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். எனக்கு 46 வயது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டம் தொடங்கியபோது நானும் இருந்தேன். அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாக்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

நெருக்கம், அடுத்த தலைமுறையை ஆளாக்குதல் என்று எழுதுகிறீர்கள். நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. மகளின் சாமத்தியச் சடங்கில் முன்னுக்கு நிற்பதா பின்னுக்கு நிற்பதா என்று சொந்தக்காரர்களே கூடிக் கதைத்தார்கள். மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள், அதை எடுத்தால் நானே அவரைக் கொன்றதாகிவிடும். காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றை 2016இல் சட்டமாக்கினார்கள். வங்கிக்கும் காணிக்கும் அது உதவலாம், ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருபவளிடம் அவள் மனைவியா கைம்பெண்ணா என்பதை அது சொல்வதில்லை. என் முப்பதுகள் முழுவதும் வாசலைப் பார்த்தபடி போய்விட்டன. அந்தப் பத்து வருடங்களையும் எந்தப் பருவத்தில் எழுதுவீர்கள் ஆசிரியரே?

குளக்கட்டு

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. படித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்தே இதைப் பற்றி எழுதி வருகிறார்; போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களோடு பேசியவர். இறந்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை என்ற இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு, அந்தக் குடும்பங்கள் உறைந்துபோய் நிற்பதற்கு அவர்களுடைய மனநோய் காரணமல்ல, அந்த நிலைமையே காரணம் என்றார். எங்கள் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதியபோது, தனிமனிதரின் மனவடுவை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கின்றன என்பதை முன்வைத்தார். கூட்டு மனவடு என்ற சொல் எங்கள் பாடத்துக்கு வந்தது அப்படித்தான். உறவினர்கள் கூடி நின்று கதைத்தது உங்கள் குறையல்ல, உங்களை எங்கே நிறுத்துவது என்ற சடங்கு ஊரிடம் இல்லை.

சங்கக்கடை ஐயா சொன்னபடி அட்டவணையை எறியாமல், இடிக்கும் இடங்களைத் தேடிப் பார்த்தேன். எரிக்சன் தாமே ஒரு பருவத்தின் வேலை அந்தப் பருவத்தோடு கதவடைத்துவிடும் என்று சொல்லவில்லை. முன்னைய கேள்விகள் ஒவ்வொரு பருவத்திலும் புது உருவில் திரும்ப வரும் என்றுதான் அவர் கருதினார். அடுத்த தலைமுறையை ஆளாக்குவதென்பதும் பெற்ற பிள்ளையோடு முடிந்துவிடுவதல்ல. அவர் 1994இல் 91 வயதில் இறந்த பிறகு, மனைவி ஜோன் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் உரியதாக ஒன்பதாவது பருவமொன்றைச் சேர்த்தார். தங்களுக்கே அந்த வயது வந்தபோதுதான் அட்டவணை போதவில்லை என்பது தெரிந்திருக்கிறது. எனவே என் மூவரையும் ஒவ்வொரு கட்டத்துக்குள் அடைக்காமல், ஒவ்வொருவருக்கும் மூன்று வரிகள் எழுதியிருக்கிறேன்: உடம்பின் வயது, ஊர் அவருக்குக் கொடுத்திருக்கும் வயது, அவர் தன் மனதில் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை. மூன்றும் ஒன்றாக நிற்கும் மனிதரை எங்கள் தெருவில் தேடிப் பார்த்தேன். வங்கியில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் அகப்பட்டார், அவரும் இடமாற்றத்தில் வந்தவர்.

வயலோரம் அண்ணாவின் கேள்விக்குப் பதில்: அந்தத் தங்கச்சிக்குத் தாய் இருக்கிறார், கடனும் இருக்கிறது. கணிதத்தை மகள்தான் இரவில் சொல்லிக்கொடுக்கிறாள். தமிழுக்கும் வரலாற்றுக்கும் தாய் முந்துகிறார் என்று மகளே முறைப்பட்டாள். அது எனக்கு வியப்பாக இல்லை. சியாட்டிலில் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், வேகமாகப் பார்த்துப் பிடிக்கும் திறன் இளமையிலேயே சரியத் தொடங்கினாலும், சொல்லும் பொருளும் சார்ந்த திறன் நடுவயது வரை ஏறிக்கொண்டே போகும் என்று கண்டார்கள்.

வாசலில் ஒருத்தி

மூன்று வரி என்றால் எழுதலாம். என் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

மருத்துவமாது

ஆசிரியரே, அந்தத் தங்கச்சிக்கு 34 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். 35 ஆனதும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வர வேண்டும். கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். அவருடைய பிரிவு மருத்துவமாதுவிடம் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். பரீட்சை நாளில் கிளினிக் விழுந்தால் பரீட்சைக்குப் போகட்டும், கிளினிக் அடுத்த மாதமும் நடக்கும். அந்த 47 வயதுத் தம்பியின் செயற்கைக் காலைக் கடைசியாக எப்போது அளவெடுத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.